தண்ணீர் போகிற பக்கம் கிழக்கு

போன வாரம், பூதலூர் ஸ்டேஷன். காலை ஆறே முக்கால். தஞ்சாவூர் போகும் பாசஞ்சர் இருபது நிமிடம் தாமதம் என்று அறிவிப்பு வந்தது. எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. தாளடி அறுத்து முடித்த வயல்களின் மேல் பனி அப்படியே படுத்துக் கிடந்தது. தண்டவாளம் இரண்டும் கொஞ்ச தூரம் போய் அதற்குள் மறைந்துவிட்டன. அப்படி ஒரு காலையில் ரயில் வந்துதான் ஆக வேண்டுமா என்ன?

பெஞ்சில் உட்கார்ந்து எதையும் யோசிக்காமல் இருந்தேன். எதையும் யோசிக்காமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். சந்தேகம் என்றால் என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

"சார்... பத்திரிகையில வாரா வாரம் எழுதுறது நீங்கதானே?"

கலியமூர்த்தி என்று சொல்லிக்கொண்டார். பக்கத்துக் கிராமம். ஆறு ஏக்கர் சாகுபடி. கூட அவர் மனைவி மல்லிகா. மகன் ஹங்கேரியில், புடாபெஸ்டில், இன்ஜினீயர். சித்திரையில் வயல் சும்மா கிடக்கும்போது இரண்டு பேரும் அங்கே போய் ஒரு மாதம் இருக்கப் போகிறார்கள். விமானத்தில் ஏறுவதே இதுதான் முதல் தடவை.

"நீங்க அந்த ஊருக்குப் போயிட்டு வந்ததா ஒரு தடவ எழுதியிருந்தீங்க சார். என்னென்ன எடுத்துக்கணும், எதெதுல ஜாக்கிரதையா இருக்கணும்... கொஞ்சம் சொன்னீங்கன்னா நல்லாருக்கும்" என்றார்.

"ஏங்க, பையன் சொல்ல மாட்டாரா?"

"சொல்றான். ஆனா அவன் அந்த ஊருக்காரனாட்டம் சொல்றான். நீங்க நம்ம ஊருக்காரரா சொல்லுங்க."

நான் ஆரம்பித்தேன். இரண்டு விஷயம்கூட முடிக்கவில்லை — தாமதம் என்று சொன்ன ரயில் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டது. எழுதிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்து ஏறிக்கொண்டேன். ஆகவே இந்த வாரம் கலியமூர்த்தி, மல்லிகா தம்பதிக்காக. மற்றவர்களும் பக்கத்து சீட்டிலிருந்து கேட்டுக்கொள்ளலாம்.

முதலில் நெய். ஸ்டேஷனிலேயே இதைச் சொன்னதும் மல்லிகா அம்மாவின் முகம் வாடிப் போனது. என்ன செய்வது? பால் சேர்ந்தது, கறி சேர்ந்தது எதையும் அங்கே பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, தயிர்மிளகாய் எல்லாம் அதில் சேர்த்தி. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, பிள்ளைக்காகக் காய்ச்சிய நெய்யைக் குப்பைத் தொட்டியில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். பருப்புப் பொடி, புளி, அப்பளம், வடகம்... தாராளமாக.

பணம். ஐரோப்பா என்றால் யூரோ என்று நினைத்து மாற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். அங்கே ஃபோரின்ட். நான் யூரோவோடு போய் இறங்கி, ஒரு காபிக்கு முழித்தவன். கொஞ்சம் சில்லறைக் காசும் பாக்கெட்டில் இருக்கட்டும் — பொதுக் கழிப்பறைக்கு வாசலிலேயே காசு கேட்பார்கள். கையோடு ஒரு காலி தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கட்டும். ஏன் என்று உள்ளே போனதும் தெரியும்.

டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. டிராமுக்குள் ஒரு சின்ன மெஷின் இருக்கும். அதில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். குத்தாத டிக்கெட், வாங்காத டிக்கெட் மாதிரிதான். நாம் கசங்காமல் மடிக்காமல் பத்திரமாக வைத்திருப்போம்... செக்கர் வந்து அபராதம் போடுவார். (இந்த மெஷினை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் என் கதையே.)

ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பாருங்கள். வண்டிகள் நமக்கு எதிர்ப்பக்கமாக வரும். மெட்ரோவில் எஸ்கலேட்டர் விறுவிறுவென்று போகும், புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். நன்றி சொல்ல 'கொஸொனொம்'. இதை ஒழுங்காகச் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று, அதற்குள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்.

இதெல்லாம் எந்த யூடியூபிலும் கிடைக்கும். கலியமூர்த்தி கேட்டது இதையில்லை. நம்ம ஊருக்காரராகச் சொல்லுங்கள் என்றார். அப்படியானால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. அதை இதுவரை இந்தப் பத்தியில் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடது, வலது நம் வாயில் வராது. எல்லாமே திசைதான். "அந்த டம்ளர கொஞ்சம் மேக்கால நவுத்து." "உன் தலைக்கு வடக்க ஒட்டடை தொங்குது பாரு." என் சித்தப்பா ஒருவர் பல் டாக்டரிடம் போய், "தெக்குப் பக்கக் கடவாப் பல்லுங்க" என்றார். டாக்டர் சென்னைக்காரர். அவர் நாற்காலியைச் சுற்றிவிட்டார். பல் இப்போது வடக்குப் பக்கம். சித்தப்பா குழம்பிப்போய், நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டார்.

சரி, இந்தத் திசையெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? சூரியன் ஒரு பக்கம். அது இல்லாத நேரத்தில் தண்ணீர். ஆறோ, வாய்க்காலோ, எங்கெங்கே வளைந்தாலும் கடைசியில் கிழக்கே கடலுக்குத்தான் போகிறது. ஒரு வைக்கோல் துரும்பைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் போதும். என் மனைவி ராஜி நன்னிலம் பக்கத்தில் பிறந்தவள். நான் பூதலூர். ஆற்றின் இரண்டு கோடி. ஆனாலும் இந்த விஷயத்தில் இருவர் தலைக்குள்ளும் ஒரே காம்பஸ்தான்.

போன ஐப்பசியில், சம்பா நடவு முடிந்த கையோடு, நாங்கள் இரண்டு பேரும் புடாபெஸ்ட் போனோம். எங்கள் மகள் கயல் அங்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ராஜிக்கு வரவே விருப்பமில்லை. "பாஷையும் தெரியாது, வழியும் தெரியாது, நான் எதுக்கு?" என்றாள். "நான் இருக்கேன்ல?" என்றேன். அந்த இரண்டு வார்த்தையை நம்பித்தான் அவள் கிளம்பினாள்.

எப்படிப்பட்ட ஊர் அது... இறங்கிய நாள் முதல் பனிமூட்டம். நாலு நாள் சூரியனைக் கண்ணால் பார்க்கவில்லை. ஊரின் நடுவே டான்யூப் நதி, கரை தெரியாமல். பாலங்கள் பாதி வரைக்கும்தான் தெரியும், மீதி பாதி இருக்கிறது என்று நாம் நம்பிக்கொள்ள வேண்டும். அக்கரையில் மலை மேல் அரண்மனை. திடீரென்று தெரியும், கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். மஞ்சள் டிராம் ஒன்று சத்தமில்லாமல் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள்ளேயே போகும். மரமெல்லாம் இலை மஞ்சளாகி, காற்றே இல்லாமல் ஒவ்வொன்றாகக் கீழே விடும். தரையில் விழுகிற சத்தம்கூடக் கேட்கும். நான் கனவில் நடக்கிறேனா, விழித்துக்கொண்டு நடக்கிறேனா என்று பல நேரம் எனக்கே தெரியவில்லை.

முதல் நாள் மாலையே கயல் எங்களை, இரண்டு முனையிலும் கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் சங்கிலிப் பாலத்துக்குக் கூட்டிப் போனாள். ராஜி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ரெண்டு கரையும் முட்டப் போவுதுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லை என்று வருஷா வருஷம் கேட்டவளுக்கு, ஒரு ஆறு முழுசாகப் போவதைப் பார்த்தால் அழுகை வராதா? "எந்தப் பக்கம் போவுது?"

"வேற எந்தப் பக்கம்? தண்ணி போற பக்கம் கிழக்கு" என்றேன்.

அன்றைக்கே புடாபெஸ்ட் நகரத்துக்கு நான் திசை வகுத்துவிட்டேன். அரண்மனை தென்கரை. கயல் வீடு வடகரை. மார்க்கெட் கிழக்கே. பார்லிமென்ட் கட்டிடம் மேற்கே. ராஜி எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் அவளே, "மேக்கால போற டிராமுதானே நமக்கு?" என்று கேட்டாள். முதல் நாள் முகத்தில் இருந்த மிரட்சி போயிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ நானே கட்டிய ஊர் போல நடந்துகொண்டேன்.

கயலும் விவரமான பெண். எங்களுக்குப் புரிய வேண்டும் என்று எங்கள் பாஷையிலேயே ஒரு ஏற்பாடு சொன்னாள். "ரெண்டு பேரும் எங்கயாச்சும் பிரிஞ்சு போயிட்டா பயப்படாதீங்க. அந்தச் சிங்கம் வச்ச பாலம் இருக்குல்ல, அதுக்குக் கிழக்கால வந்து நில்லுங்க. நகரக் கூடாது. நான் வந்துடுவேன்."

"கிழக்காலதானே, தெரியும்" என்றாள் ராஜி.

மூன்றாம் நாள் சாயங்காலம். ராஜி சமையலறையில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கயலின் போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ இடிக்கிறது. டான்யூப் மேலிருந்து கீழே நேராக இறங்குகிறது.

"ஏம்மா, போனைத் திருப்பிப் புடிச்சிருக்கனா?"

கயல் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இல்லப்பா. இந்த ஊர்ல ஆறு தெக்க ஓடுது."

எனக்குக் காது சூடாகிவிட்டது. மூன்று நாளாக நான் கிழக்கு என்று கைகாட்டியது தெற்கு. தென்கரை என்றது மேற்கு. வகுத்த திசையெல்லாம் ஒரு கால் வட்டம் சுற்றி நிற்கிறது. சமையலறையிலிருந்து பெருங்காய வாசம் வந்தது. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அம்மாகிட்ட சொல்லாத."

"ஏம்ப்பா?"

"அவ இப்பத்தான் தைரியமா நடக்கிறா. குழம்பிடுவா."

பார்த்தீர்களா? எவ்வளவு நல்ல காரணம். கணவன்மார்களிடம் இந்த மாதிரி நல்ல காரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. உண்மைக் காரணம், முப்பத்து நாலு வருஷமாக நான் வழி தவறி அவள் பார்த்ததில்லை. அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. கயல் தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போனாள். தான் சொன்ன ஏற்பாட்டிலும் ஒரு கிழக்கு இருக்கிறது என்பது அவளுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நாலாம் நாள் காலை. கயல் வேலைக்குப் போய்விட்டாள். நானும் ராஜியும் பார்லிமென்ட் கட்டிடம் பார்க்கக் கிளம்பினோம். ராஜிக்கு சர்க்கரை நோய் உண்டு. காலையில் ஊசி. போட்டுக்கொண்டு டிபன் சாப்பிட்டாலும் பதினொரு மணிக்கு மறுபடி ஏதாவது உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு வருஷம் முன்பு தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்தவள் அப்படியே நாற்காலியோடு சரிந்துவிட்டாள். அன்று முதல் அவள் கைப்பையில் பிஸ்கட் பாக்கெட் எப்போதும் இருக்கும்.

அன்றைக்கு அந்தக் கைப்பை என் தோளில். அதற்குள் பிஸ்கட், அவளுடைய போன், பாஸ்போர்ட், பர்ஸ். கோட்டுக்கு மேல் பை வழுக்குகிறது என்றாள், நான் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

டிராம் வந்தது. இரண்டு டிக்கெட்டுக்கும் முத்திரை குத்திவிடலாம் என்று நான் முந்திக்கொண்டு ஏறினேன். ஒன்றைக் குத்தினேன். இரண்டாவதை நுழைத்தேன். "ராஜி, இங்க பாரு, இப்படித்தான்..." என்று திரும்பினேன். அவள் இல்லை. கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. வெளியே, ஸ்டாப்பில், ராஜி முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவை, மேலே கயலின் பழைய கறுப்புக் கோட்டு, தலையில் நான் தஞ்சாவூரில் வாங்கித் தந்த குரங்குக் குல்லா. டிராம் நகர்ந்தது. பனி அவளை மூடிவிட்டது. மணி பத்து நாற்பது.

அடுத்த ஸ்டாப்பில் குதித்துத் திரும்ப ஓடினேன். இந்த வயதில் ஓட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வந்து பார்த்தால் ஸ்டாப் காலி.

பயம் உடனே வரவில்லை. கயலின் ஏற்பாடு இருக்கிறதே? பாலம் பக்கத்திலேயே. ராஜி சொன்ன சொல் தவறாதவள். பாலத்துக்குக் கிழக்கே போயிருப்பாள். நானும் போனேன். எந்தக் கிழக்கு? எனக்குத்தான் இப்போது மேப் தெரியுமே... சரியான கிழக்குக்குப் போனேன். பாலம் தொடங்குகிற இடம், கல் சிங்கத்தின் காலடி. அங்கே ராஜி இல்லை.

கயலுக்குப் போன் செய்தேன். "அப்பா, நீங்க அங்கயே இருங்க. அம்மா அங்கதான் வருவாங்க. நான் கிளம்பிட்டேன், ஒரு மணி நேரத்துல வந்துடுறேன். தயவுசெஞ்சு நகராதீங்க."

ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். என் முகத்தைப் பார்த்தே வந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கே சந்திப்பதாகப் பேச்சு என்று கேட்டார். பாலத்துக்குக் கிழக்கே என்றேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுதான் கிழக்கு. சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள்" என்று அன்பாகச் சொன்னார். வயர்லெஸ்ஸில் பச்சைப் புடவை என்பதை எப்படிச் சொன்னாரோ தெரியாது.

பதினொன்று. பதினொன்றே கால். பதினொன்றரை.

சிங்கத்தின் காலடியில் நின்றேன். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரும் முதலில் ராஜியாகத்தான் வந்தார்கள். பக்கத்தில் வந்ததும் வேறு யாரோ ஆனார்கள். கல்யாண மண்டபத்தில் சரிந்தபோது அவள் கை எப்படிச் சில்லிட்டிருந்தது என்பது மறுபடி மறுபடி ஞாபகம் வந்தது. இந்தக் குளிரில், இந்தக் கல் தரையில், யார் பெயரைச் சொல்லி யாரைக் கூப்பிடுவாள்? கைப்பையைத் திறந்து பார்த்தேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை. அந்த ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்?

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தேன். பார்க்க வேறு ஒன்றும் இல்லை. மேலே எங்கேயோ ஒரு மரம் உதிர்த்த மஞ்சள் இலைகள் கூட்டமாக மிதந்து வந்தன. பாலத்துக்கு அடியில் நுழைந்தன. இந்தப் பக்கம் வெளியே வந்து, அவசரமில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. ஒரு நிமிடம் அது டான்யூப் இல்லை. காலையில் வெண்ணாற்றங்கரையில் நிற்கிறேன். பக்கத்தில் யாரோ பல் துலக்குகிறார்கள். இலை போகிற போக்கைக் கண் தானாகப் பின்தொடர்கிறது...

"கிழக்கே போவுது" என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மேப் பார்த்தவன் நான் ஒருவன்தான். ராஜி பார்க்கவில்லை. பார்க்காதபடி செய்தவனும் நான்தான். அவளுக்கு இன்னும் கிழக்கு என்றால் தண்ணீர் போகிற பக்கம். நம் ஊரில் பாலத்துக்குக் கிழக்கால என்றால் பாலத்தின் முனையா? பாலத்தைத் தாண்டித் தண்ணீர் இறங்கிப் போகிற கரை. அவள் அங்கே போயிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்த கிழக்குக்கு.

போன் அடித்தது. கயல். நகராதீங்க என்றுதான் சொல்லப் போகிறாள். எடுக்காமல் நடந்தேன்.

கரையோரமாக, தண்ணீர் போகிற பக்கமாக. பாலத்தை ஒட்டி நிற்க இடமில்லை, கார் ரோடு. அதைத் தாண்டினேன். படகுத்துறை ஒன்று, பூட்டிக் கிடந்தது. அதையும் தாண்டினேன். அப்புறம் ஒரு இடத்தில் கல் படிகள், அகல அகலமாக, ஆற்றுக்குள் இறங்கின. நம் படித்துறை மாதிரியே. மேல்படியில் ஒரு ஜோடி ஷூ. அதற்குள் மடித்துச் செருகிய சாக்ஸ். யார் ஆற்றுப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவார்கள்? அந்த ஊரில் ஒரே ஒரு ஆள்தான் இருக்க முடியும்.

ராஜி நாலு படி கீழே உட்கார்ந்திருந்தாள். கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு, கன்னத்தில் கை வைத்து, தண்ணீரைப் பார்த்தபடி. நான் இறங்கியது கேட்டதும் திரும்பினாள்.

"வந்துட்டீங்களா? எவ்வளவு நேரம்..." என்றாள்.

பிஸ்கட்டைப் பிரித்து நீட்டினேன். பிரித்த வேகத்தில் பாதி உதிர்ந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணுமில்ல. பதினொரு மணி வாக்குல லேசா கைகால் ஒதறுச்சு. ஏரோப்பிளேன்ல காபிக்குக் குடுத்த சக்கரப் பொட்டலத்த இந்தக் கோட்டுப் பையில போட்டு வச்சிருந்தேன். நாலு இருந்துச்சு, நாலையும் வாயில போட்டுக்கிட்டேன். மொதல்ல நீங்க உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க."

(பயணக் குறிப்பு: கலியமூர்த்தி, இன்னொருத்தர் தோளில் இருக்கிற பை உங்கள் பை இல்லை. அவரவர் மருந்து, அவரவர் விலாசம், அவரவர் இனிப்பு அவரவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.)

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பிஸ்கட் தின்றாள். எனக்கும் ஒன்று கொடுத்தாள். கயலுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டிவிட்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் பனி விலக ஆரம்பித்தது. நாலு நாளில் முதல் தடவையாகச் சூரியன். ஆறு போகிற பக்கத்தில், தாழ்வாக, தண்ணீருக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. தண்ணீர் முழுக்க வெள்ளி வெளிச்சம். ராஜி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மணி பன்னண்டு தாண்டியிருக்கும்ல? இன்னும் சூரியன் கிழக்கயே நிக்குது பாருங்க" என்றாள். குரலில் அப்படி ஒரு ஆச்சரியம். "இந்த ஊர்ல காலைப்பொழுது போவவே போவாதா?"

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் நம்பியிருப்பாள். பொழுதே சாயாத ஒரு ஊருக்கு வந்ததாக ஊருக்குப் போய்ச் சொல்லியிருப்பாள். ஆனால் சிங்கத்தின் காலடியில் நின்ற அந்த ஒரு மணி நேரம் என்னை விடவில்லை.

"அது கிழக்கு இல்ல ராஜி. தெக்கு. இந்த ஆறு தெக்க ஓடுது."

அவள் என்னைப் பார்த்தாள். "எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம். கயல் போன்ல காட்டுனா."

அவள் புடவையில் சிந்தியிருந்த பிஸ்கட் தூளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"ரெண்டு மூணு பேரு வந்து என்னமோ கேட்டாங்க. ஒரு பொண்ணு கையப் புடிச்சு மேல கூப்புட்டுச்சு. நான் போவல" என்றாள். "நீங்க சொன்ன கிழக்கு இதுதானேன்னு உக்காந்திருந்தேன். தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னங்க கொறஞ்சிருப்பீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். "தப்புதான்" என்றேன். முப்பத்து நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை எத்தனை தடவை அவளிடம் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கயல் ஓடி வந்து சேர்ந்தபோது நாங்கள் இருவரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். "ஏம்மா, பாலத்துக்குக் கிழக்காலதானே நிக்கச் சொன்னேன்?" என்று ஆரம்பித்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜி எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னாள், "நான் சரியாத்தான்டி வந்தேன். உங்கப்பாதான் கண்டுபுடிச்சு வர லேட்டாக்கிட்டாரு."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மிச்சமிருந்த பதினோரு நாளும் நன்றாகவே போயின. வெந்நீர் ஊற்றுக் குளத்தில் காலை நனைத்தோம். மார்க்கெட்டில் சரம் சரமாகத் தொங்கிய காய்ந்த மிளகாயை ராஜி முகர்ந்து பார்த்து, காரம் போதாது என்றாள். பாலத்தின் மேல் நின்று சாயங்காலம் விளக்குகள் தண்ணீரில் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்தோம். தெரியாத வழி வந்தால் நான் நின்று, "எனக்குத் தெரியல" என்று சொல்லப் பழகினேன். முதல் இரண்டு தடவை நாக்கு புரளவில்லை. அப்புறம் சுலபமாகிவிட்டது. ராஜி யாரிடமாவது போய், 'கொஸொனொம்' என்று முதலிலேயே நன்றி சொல்லிவிட்டு வழி கேட்பாள். எல்லோரும் சொன்னார்கள்.

ஆகவே கலியமூர்த்தி... விசா, இன்சூரன்ஸ், கம்பளிக் குல்லா, காலி பாட்டில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா? இனி அங்கே போய் மல்லிகா அம்மாவிடம் தெரிந்தது தெரியாதது எல்லாம் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் தப்பாகச் சொன்னது எது என்று தெரிந்தால், அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக, அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.